இவ்வளவு பெரிய கட்டி எந்த வழியாக வெளியே வந்தது?

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருக்கும் சொந்தக்காரர்களை நம் ஊர் மருத்துவமனைகளில் ஒரு கட்டத்தில் கூப்பிடுவார்கள். பச்சை அங்கி போட்ட நர்ஸ் ஒருவர் கதவைப் பாதி திறந்து ஒரு எவர்சில்வர் தட்டை நீட்டுவார். "இதுதாம்மா எடுத்தது, பார்த்துக்கோங்க." தட்டில் வெளிறிய இளஞ்சிவப்பில், பளபளப்பாக, முண்டும் முடிச்சுமாக ஒரு தசைப் பிண்டம். கணவர் ஒரு நொடி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கூட வந்த அத்தை நின்று நிதானமாகப் பார்ப்பார்.

மறுநாள் வார்டில் அதே அத்தை போர்வையை விலக்கிப் பார்க்கிறார். தொப்புளில் ஒன்று, அடிவயிற்றில் மூன்று என நான்கு சின்ன பிளாஸ்திரிகள். எதற்கு அடியிலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கீறல் இல்லை. "நேத்து தட்டுல காட்டினாங்களே, அது இது வழியாவா வந்துச்சு?"

நியாயமான சந்தேகம். வயிற்றில் போட்ட துளை ஒரு சென்டிமீட்டர்; எடுத்த கட்டியின் குறுக்களவு எட்டு சென்டிமீட்டர். கணக்கு உதைக்கிறது. ஒரு கருப்பையின் கதையை முதலிலிருந்து பின்தொடர்ந்து போனால்தான் விடை கிடைக்கும்.

கட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது?

44 வயது ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். ஒன்றரை வருடமாக மாதவிலக்கின்போது ரத்தம் கொட்டுகிறது. முதல் மூன்று நாட்கள் ஒரு வகுப்பு முடிவதற்குள் நாப்கினை மாற்ற வேண்டியிருக்கிறது, கட்டிகட்டியாகப் போகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.6. ஸ்கேன் எடுத்தால் கருப்பைச் சுவருக்குள் எட்டு சென்டிமீட்டரில் ஒரு ஃபைப்ராய்டு.

ஃபைப்ராய்டைத் தமிழில் நார்க்கட்டி என்கிறோம். கருப்பைச் சுவரின் தசைச் செல் ஒன்று கட்டுமீறிப் பெருகி உருண்டையாகத் திரள்வதுதான் இது. புற்றுநோய் அல்ல, அனேகமாக அப்படி மாறுவதும் இல்லை. இது அரிதான நோய் என்று நினைத்துவிட வேண்டாம். 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 50 வயதை எட்டுவதற்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கும் நார்க்கட்டி வந்திருக்கும் என்று கணித்தது. அவர்களில் பலருக்குத் தொந்தரவே இருப்பதில்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய்த் தெரிந்துகொண்டு, அதன் பிறகு கவலைப்படத் தொடங்கியவர்களே அதிகம்.

தொந்தரவைத் தீர்மானிப்பது அளவைவிட இடம். கருப்பையின் வெளிப்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் கட்டி பெரிதாக வளரும்வரை சத்தமே போடாது. சுவருக்குள் இருப்பது கருப்பையைப் பெரிதாக்கி ரத்தப்போக்கைக் கூட்டும். உட்புறம், கரு தங்கும் அறைக்குள் எட்டிப்பார்க்கும் கட்டி இரண்டு சென்டிமீட்டர் இருந்தாலே போதும், ரத்தம் நிற்காது. ஆசிரியையின் கட்டி இரண்டாவது வகை.

வளர்ந்த கருப்பையை மருத்துவர்கள் கர்ப்ப வாரங்களால் அளப்பார்கள். இவருடையது '14 வாரம்'. சாதாரணக் கருப்பை ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம், 60, 70 கிராம் எடை. எட்டு சென்டிமீட்டர் உருண்டை ஒன்றின் கொள்ளளவு 270 மில்லிலிட்டர் அளவுக்கு வரும். தடித்துப்போன கருப்பைச் சுவரையும் சேர்த்தால் மொத்த எடை நானூறு கிராமைத் தாண்டும்.

ஒரு மெக்கானிக்கின் பிடிவாதம்

வயிற்றைத் திறந்து கட்டி எடுக்கும் வரலாறு 1809-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் தொடங்குகிறது. ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண் நிறைமாதக் கர்ப்பிணி என்று நம்பப்பட்டார். வயிற்றில் இருந்தது குழந்தை அல்ல, சினைப்பைக் கட்டி என்று கண்டுபிடித்தவர் எப்ரைம் மெக்டவல் என்ற மருத்துவர். அறுபது மைல் குதிரையில் பயணம் செய்து அவர் வீட்டுக்கு வந்த ஜேனின் வயிற்றைக் கீறி, பத்துக் கிலோ எடையுள்ள கட்டியை 25 நிமிடத்தில் எடுத்தார் மெக்டவல். மயக்க மருந்து புழக்கத்துக்கு வர இன்னும் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தது. ஐந்தாம் நாள் ஜேன் எழுந்து தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தார் என்று மெக்டவல் எழுதிவைத்தார். அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஜேன் உயிரோடிருந்தார்.

திறக்காமல் உள்ளே எட்டிப்பார்க்கும் ஆசைக்கு இன்னொரு நூற்றாண்டு பிடித்தது. 1901-ல் ஜெர்மன் மருத்துவர் கியோர்க் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றில் காற்றை நிரப்பி, குழாய் விட்டுப் பார்த்துக் காட்டினார். 1910-ல் ஸ்வீடனைச் சேர்ந்த யாகோபேயஸ் அதை மனிதரிடம் செய்தார். 1940-களில், ஜெர்மானியப் பிடியிலிருந்த பாரிசில், ராவூல் பால்மர் என்ற மகப்பேறு மருத்துவர் பெண்களின் இடுப்புக்குழியை இந்த முறையில் பார்ப்பதை ஒழுங்குபடுத்தினார். தலையைத் தாழ்த்தி இடுப்பை உயர்த்திச் சாய்த்தால் குடல் நெஞ்சுப்பக்கம் சரிந்து கருப்பை தனியே தெரியும் என்பது அவர் கடைப்பிடித்த வழி.

இதுவரை எல்லாம் பார்ப்பதற்கு மட்டும். பார்த்த இடத்திலேயே வேலையையும் முடிக்கலாம் என்று அடம்பிடித்தவர் ஜெர்மனியின் கீல் நகரத்துப் பெண்ணோய் மருத்துவர் குர்ட் செம். மருத்துவத்துக்கு முன்பு கருவி செய்யும் தொழிலைக் கற்றவர். வயிற்றுக்குள் வாயுவைச் செலுத்தி அழுத்தத்தைத் தானாகவே கட்டுப்படுத்தும் இயந்திரம், வயிற்றுக்குள்ளேயே முடிச்சுப் போட உதவும் நூல் சுருக்கு, கொக்கிகள், கத்தரிகள் என்று தனக்கு வேண்டியதைத் தானே உருவாக்கிக்கொண்டார். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு மூளையில் கோளாறு இருக்குமோ என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னதாக இத்துறையின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். 1980 செப்டம்பரில் அவர் நுண்துளை வழியாகக் குடல்வாலை எடுத்தபோது, பொது அறுவை மருத்துவர்களுக்குக் கோபம் தலைக்கேறியது. பெண்ணோய் மருத்துவருக்குக் குடல்வாலில் என்ன வேலை? இன்று பித்தப்பை முதல் குடலிறக்கம்வரை எதை எடுத்தாலும் லேப்ராஸ்கோப்பி என்கிறார்கள். அந்த வழியைப் போட்டவர்களில் முக்கியமானவர் பிரசவம் பார்க்கும் துறையிலிருந்து வந்தவர் என்பதை அறுவை மருத்துவர்கள் அவ்வளவாக நினைவுவைத்துக்கொள்வதில்லை.

கருப்பையை நுண்துளை முறையில் முதலில் எடுத்தவர் அமெரிக்காவின் ஹாரி ரைக். ஆண்டு 1988.

முதலில் வயிற்றுக்குள் இடம் வேண்டும்

ஆசிரியைக்கு உடனே ஆபரேஷன் செய்யவில்லை. 7.6 ஹீமோகுளோபினோடு மேசைக்குப் போவது ஆபத்து. மாதவிலக்கைத் தற்காலிகமாக நிறுத்த மருந்து, இரும்புச்சத்து நரம்பு வழியாக. சில வாரங்களில் அளவு பத்தைத் தாண்டியதும் தேதி குறிக்கிறார்கள்.

முழு மயக்கம் கொடுத்தாயிற்று; சிறுநீர்ப்பையில் குழாய் போட்டாயிற்று. வயிற்றறை என்று நாம் சொன்னாலும் உள்ளே அறை எதுவும் இல்லை. குடலும் வயிற்றுச் சுவரும் ஒட்டி உரசிக்கொண்டிருக்கின்றன. இடத்தை உண்டாக்க வேண்டும்.

தொப்புளில் சின்னதாக ஒரு கீறல். தொப்புள் ஏன்? தோலுக்கும் வயிற்றின் உட்படலத்துக்கும் இடையே தூரம் மிகக் குறைவான இடம் அது. எவ்வளவு பருமனானவருக்கும் அங்கே கொழுப்பு குறைவு. தழும்பும் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். அதன் வழியாக வெரஸ் ஊசி இறங்குகிறது. ஹங்கேரி மருத்துவர் யானோஷ் வெரஸ் 1930-களில் இதைச் செய்தது வயிற்றுக்காக அல்ல, காசநோய்க்காரர்களின் நெஞ்சுக்குள் காற்றைச் செலுத்தி நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பதற்காக. கூரிய ஊசிக்குள் ஸ்பிரிங் பொருத்திய மொண்ணைக் கம்பி ஒன்று இருக்கும். ஊசி சதையைத் துளைக்கும்வரை எதிர்ப்பு இருப்பதால் கம்பி பின்வாங்கி நிற்கும். வெற்றிடத்துக்கு வந்து எதிர்ப்பு விலகிய நொடியில் 'டக்'கென்று முன்னால் பாய்ந்து கூர்முனையை மூடிவிடும். குடலில் குத்தாமல் காப்பது அந்த ஒரு ஸ்பிரிங்தான்.

அதன் வழியாகக் கரியமில வாயு போகிறது, மூன்று நான்கு லிட்டர். சாதாரணக் காற்றே போதாதா? உள்ளே மின்சாரத்தால் சதையைச் சுட்டு வெட்டப்போகிறோம். ஆக்சிஜன் தீயைத் தூண்டும். கரியமில வாயு தீயை அணைக்கிற ஜாதி. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருபது மடங்குக்கு மேல் எளிதில் கரைந்துவிடும். தவறி ரத்தக்குழாய்க்குள் கொஞ்சம் புகுந்தாலும் பெரும்பாலும் கரைந்து, மூச்சோடு வெளியேறிவிடும். அழுத்தம் 15 மி.மீ. பாதரசத்தைத் தாண்டவிடுவதில்லை. நமது ரத்த அழுத்தம் 120 என்பதை வைத்துப் பார்த்தால் இது சொற்பம். ஆனாலும் அதற்கு மேல் ஏற்றினால் நுரையீரல் விரிய இடம் போதாது, கால்களிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைபடும்.

கை வலப்பக்கம், முனை இடப்பக்கம்

வயிறு கூடாரமாக எழும்பியதும் தொப்புள் வழியாகக் கேமரா இறங்குகிறது. அடிவயிற்றில் போட்ட துளைகள் அரை சென்டிமீட்டர்தான். அவற்றின் வழியே நீண்ட மெல்லிய கருவிகள். மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. எதிரே தொங்கும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வயிற்றுச் சுவர் ஒரு நெம்புமையமாகிவிடுவதால், வெளியே கை வலப்பக்கம் போனால் உள்ளே முனை இடப்பக்கம் போகும். கையை உயர்த்தினால் முனை தாழும். தொடு உணர்ச்சியும் பெருமளவு போய்விடும். கண்ணுக்குத் தெரிவதோ தட்டையான படம், ஆழம் தெரியாது. பயிற்சியில் இருப்பவர்கள் ஒரு பெட்டிக்குள் பயறு, மணி, ரப்பர் வளையம் போட்டு, திரையைப் பார்த்தபடி ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றிப் பழகுவார்கள். மாதக்கணக்கில் பழகினால்தான் மூளை இந்தத் தலைகீழ்க் கணக்கை மறந்து கையை ஓட்டத் தொடங்கும்.

ரோபாட் என்று விளம்பரப்படுத்தப்படும் இயந்திரம் தீர்ப்பது இந்தச் சங்கடங்களில் சிலவற்றை: கருவியின் முனை மணிக்கட்டைப் போல வளையும், படத்தில் ஆழம் தெரியும், மருத்துவர் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். தானாக அது எதையும் அறுப்பதில்லை. சாதாரண நார்க்கட்டிக்காகக் கருப்பை எடுப்பதில், தேர்ந்த கை செய்யும் லேப்ராஸ்கோப்பியைவிட அது நல்ல பலன் தருவதாக நிரூபணமாகவில்லை. பில் மட்டும் நிச்சயமாகக் கூடும்.

ஒவ்வொரு பிடிமானமாக

கருப்பை இடுப்புக்குழிக்குள் சும்மா மிதந்துகொண்டிருக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் நாண்கள், ரத்தக்குழாய்கள், படலங்கள் அதைக் கட்டிவைத்திருக்கின்றன. அறுவை சிகிச்சை என்பது இந்தப் பிடிமானங்களை வரிசையாக விடுவிப்பது.

முதலில் இருபுறமும் உருண்டை நாண். பிறகு சினைப்பை. ஆசிரியைக்கு 44 வயதுதான் என்பதால் சினைப்பைகளை விட்டுவைக்கிறார்கள். அவை சுரக்கும் ஹார்மோன் எலும்புக்கும் இதயத்துக்கும் இன்னும் சில வருடங்கள் தேவை. சினைக்குழாய்களை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். சினைப்பைப் புற்றுநோய் என்று நாம் அழைக்கும் நோயில் கணிசமானது உண்மையில் குழாயின் நுனியில் தொடங்குகிறது என்பது சமீப காலத்தில் தெரியவந்திருக்கிறது. வேலை முடிந்த குழாயை உள்ளே விட்டுவைப்பதில் லாபமில்லை.

வெட்டுவதற்கு முன் ரத்தக்குழாயை அடைக்க வேண்டும். நூல் கட்டுவதற்குப் பதில், இரு தாடைகளுக்கு நடுவே குழாயைப் பிடித்து, அந்த இடைவெளியில் மட்டும் மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார்கள். சுவர்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இன்னொரு வகைக் கருவி விநாடிக்கு 55,000 முறை அதிர்ந்து, அந்த உராய்வுச் சூட்டிலேயே அடைத்து அறுத்துவிடுகிறது. திரையில் லேசான புகை எழும், சதை வெளுக்கும், பிறகு இரண்டாகப் பிரியும். சொட்டு ரத்தம் இருக்காது.

கருப்பைக்கு முன்னால் ஒட்டியிருக்கும் சிறுநீர்ப்பையைப் பிரித்துக் கீழே தள்ளிவிட்டு, மருத்துவரின் வேகம் குறையும் இடத்துக்கு வருகிறோம். கருப்பைவாயின் பக்கவாட்டில் கருப்பைத் தமனி வருகிறது. அதற்குச் சரியாக அடியில், குறுக்காக, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாய் போகிறது. இதைச் சிறுநீர்நாளம் என்போம். கருப்பைவாயிலிருந்து அது விலகியிருக்கும் தூரம் இரண்டே சென்டிமீட்டர். நார்க்கட்டி பெரிதாக இருந்தால் அதுவும் இடம் மாறியிருக்கும். தமனியென்று நினைத்து இதைச் சுட்டுவிட்டால் சில நாள் கழித்துச் சிறுநீர் வயிற்றுக்குள் கசியும். அதனால் படலத்துக்கு அடியில் அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் அடுத்த அடி. கருவியின் நுனியால் மெல்லத் தொட்டால் ரத்தக்குழாய் சும்மா கிடக்கும், சிறுநீர்நாளம் நெளியும். சிறுநீரைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளிக்கொண்டுபோகும் அலை அது. நெளிவதைப் பார்த்ததும் தியேட்டரில் இருப்பவர்களுக்கு மூச்சு திரும்பும். இந்தக் குழாயில் காயம் படுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நடக்கிறது. ஆனால் மகப்பேறு மருத்துவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான்.

தமனிகள் இரண்டும் அடைபட்டதும் கருப்பை நிறம் மாறுகிறது. இளஞ்சிவப்பு போய் மங்கிய ஊதா வருகிறது. இனி கருப்பைவாயைச் சுற்றி, யோனியின் மேல்முனையை வட்டமாக வெட்டினால் கருப்பை முழுதாக விடுபட்டுவிடும்.

வெளியேறும் வழி

அத்தையின் கேள்விக்கு இப்போது விடை வந்துவிட்டது. யோனியின் மேல்முனையைத் திறந்தாயிற்று. மூன்று கிலோக் குழந்தை, ஒன்பதரை சென்டிமீட்டர் தலையோடு, இரண்டு முறை வந்த வழி அது. கருப்பையைக் கீழேயிருந்து பிடித்து அந்த வழியாகவே இழுத்துவிடுகிறார்கள். வயிற்றில் போட்ட துளைகள் கேமராவும் கருவிகளும் போய்வர மட்டுமே. எதையும் வெளியே எடுப்பதற்கு அல்ல.

கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் கீழேயிருந்தே கத்தியால் பிளந்து, துண்டு துண்டாக எடுப்பார்கள். ஆசிரியைக்கு அப்படித்தான். தட்டில் காட்டும்போது துண்டுகளைச் சேர்த்துவைத்துக் காட்டுவதால் யாருக்கும் தெரிவதில்லை. பிறகு யோனியின் மேல்முனையைத் தைத்து மூடுகிறார்கள்.

இந்தத் தையல்தான் பலரும் அறியாதது. வெளியே நான்கு பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, சின்ன ஆபரேஷன்" என்று பத்தாம் நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறார்கள். உள்ளே வெட்டியது, வயிற்றைத் திறந்து செய்யும் கருப்பை அறுவையில் வெட்டும் அத்தனையும்தான். வயிற்றுச் சுவர் தப்பித்ததால் வலி குறைவு, மறுநாளோ அடுத்த நாளோ வீடு, இரண்டு மூன்று வாரத்தில் சாதாரண வேலை. ஆனால் உள்தையல் ஆறுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை கனம் தூக்கக் கூடாது, தாம்பத்தியம் கூடாது.

சரி, கருப்பை வெளியே வருவது கீழ்வழியாகத்தான் என்றால், வேலை முழுவதையும் அந்த வழியிலேயே முடித்துவிட்டால் என்ன? முடிக்கலாம். 1813-ல் ஜெர்மனியின் கான்ராட் லாங்கன்பெக் முடித்துக் காட்டிவிட்டார். வயிற்றில் ஒரு துளைகூட இல்லாத இந்த அறுவைதான் இருப்பதிலேயே மிகக் குறைந்த காயம் உள்ளது. கருப்பை அளவுக்கு மீறிப் பெரிதாக இல்லையென்றால் அதையே முதலில் யோசிக்கச் சொல்கின்றன அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி போன்ற அமைப்புகள். கேமராவும் திரையும் இல்லாததால் விளம்பரத்தில் இதற்கு இடமில்லை. இளம் மருத்துவர்களிடையே இந்தக் கைத்தொழில் அருகிவருகிறது. எனக்கு இது வருத்தமான செய்தி.

வயிற்றில் ஆபரேஷன், வலி தோளில்

மறுநாள் காலை ஆசிரியை சொல்லும் முதல் புகார் வயிற்றைப் பற்றியதல்ல. "வலது தோள் கழன்றுபோற மாதிரி வலிக்குது." மேசையில் கையை ஏடாகூடமாக வைத்துவிட்டார்களோ என்று வீட்டாருக்குச் சந்தேகம்.

குற்றவாளி மிச்சமிருக்கும் வாயு. எழுந்து உட்கார்ந்ததும் அது மேலேறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் அடிப்புறத்தை எரிச்சலூட்டுகிறது. கருவில் உதரவிதானம் உருவாகத் தொடங்குவது கழுத்துப் பகுதியில். வளரவளர அது கீழே இறங்கும்போது தன் நரம்பையும் கழுத்திலிருந்து கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. தோளின் தோலுக்கும் உணர்ச்சி போவது தண்டுவடத்தின் அதே கழுத்துப் பகுதியிலிருந்துதான். எங்கிருந்து தகவல் வந்தது என்று மூளை குழம்பி, பழக்கப்பட்ட தோளின் மேல் பழியைப் போட்டுவிடுகிறது. இரண்டு மூன்று நாளில் வாயு கரைந்ததும் வலி தானாகப் போய்விடும்.

சீவி எடுக்கும் கருவி

பிரசவமே ஆகாதவர், அல்லது கருப்பையை வைத்துக்கொண்டு கட்டியை மட்டும் எடுக்க விரும்புபவர் என்றால்? கீழ்வழி திறக்கப்படுவதே இல்லை. அப்போது எட்டு சென்டிமீட்டர் கட்டி நிஜமாகவே வயிற்றுத் துளை வழியாகத்தான் வர வேண்டும்.

இதற்காக 1990-களில் மின்விசையில் சுழலும் குழல் கத்தி வந்தது. கத்தியை எடுக்காமல் மாங்காய்த் தோலைச் சுருளாகச் சீவுவது போல அது கட்டியை நீளநீளமான கீற்றுகளாகச் சீவித் துளை வழியே இழுத்துவிடும். பார்ப்பதற்கே திருப்தியான வேலை. இருபது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை.

சீவும்போது தூளும் துணுக்கும் வயிற்றுக்குள் சிதறுகின்றன. சாதாரண நார்க்கட்டி என்றால் அதனால் பெரும்பாலும் கேடில்லை. ஆனால் ஸ்கேனில் நார்க்கட்டி போலவே தெரியும் சார்கோமா என்ற அரிதான தசைப் புற்று ஒன்று உண்டு. ஆபரேஷனுக்கு முன் இரண்டையும் உறுதியாகப் பிரித்தறியும் சோதனை இல்லை. அதைத் தெரியாமல் சீவிவிட்டால் ஓரிடத்தில் இருந்த புற்றை வயிறு முழுக்க விதைத்ததாகிவிடும். பாஸ்டனில் ஒரு பெண் மருத்துவருக்கே இப்படி நேர்ந்து, அவரும் கணவரும் போராடினார்கள். 2014 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது: நார்க்கட்டி என்று நம்பி அறுவைக்கு வருபவர்களில் 350 பேரில் ஒருவருக்கு அது சார்கோமாவாக இருக்கலாம். இந்தக் கணக்கு மிகை என்று வாதிட்டவர்கள் உண்டு. ஆனால் நடைமுறை மாறிவிட்டது. இன்று கட்டியை வயிற்றுக்குள்ளேயே ஒரு பைக்குள் போட்டு, பையின் வாயைத் துளை வழியே வெளியே இழுத்துவைத்து, அதற்குள் வைத்தே துண்டாக்கி எடுப்பதுதான் பாதுகாப்பான வழி. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் கருவியையே தவிர்க்கிறார்கள்.

எடுக்காமலே முடியுமா?

துளை எவ்வளவு சிறிது என்ற பேச்சில், துளையே வேண்டுமா என்ற கேள்வி அமுங்கிப்போகிறது.

கட்டி கருப்பையின் உள்ளறையில் துருத்திக்கொண்டிருந்தால் வயிற்றைத் தொட வேண்டியதே இல்லை. கருப்பைவாய் வழியாகவே மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு, உப்புநீரால் அறையை விரித்து, மின்கம்பி வளையத்தால் கட்டியைச் செதுக்கி எடுத்துவிடலாம். ஹிஸ்டரோஸ்கோப்பி என்பார்கள். காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். உள்ளே செலுத்திய நீருக்கும் வெளியே வந்த நீருக்கும் கணக்கு வைக்க ஒருவர் தனியாக நிற்க வேண்டும். குறைகிற நீரெல்லாம் நோயாளியின் ரத்தத்துக்குள் போயிருக்கிறது.

கட்டி சிறிதாகவும் ரத்தப்போக்கு அதிகமாகவும் இருப்பவர்களுக்கு ஹார்மோன் கசியும் டி வடிவச் சாதனம் இருக்கிறது. பார்வைக்குக் கருத்தடைக்குப் போடும் காப்பர்-டி போலத்தான். செம்புக்குப் பதில் ஹார்மோன் உறை. கருப்பையின் உட்சுவரை மெலிதாக்கிவிடும். பலருக்கு மாதவிலக்கு சில சொட்டுகளாகச் சுருங்கும். பின்லாந்தில் 236 பெண்களில் பாதிப்பேருக்கு இந்தச் சாதனம், பாதிப்பேருக்குக் கருப்பை நீக்கம் என்று குலுக்கல் முறையில் பிரித்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஐந்து ஆண்டு முடிவு 2004-ல் வந்தது. சாதனம் போட்டவர்களில் 42 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷனுக்குத்தான் வந்தார்கள். மீதி 58 சதவீதத்தினருக்குக் கத்தி தேவைப்படவே இல்லை. வாழ்க்கைத் தரத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. முதல் எண்ணைப் பார்ப்பவர்கள் சாதனம் தோற்றது என்பார்கள். நான் இரண்டாம் எண்ணைப் பார்க்கிறேன்.

மூன்றாவது வழி, தற்செயலில் பிறந்தது. பாரிசில் ஜாக் ரவினாவும் அவருடைய குழுவினரும் அறுவையில் ரத்த இழப்பைக் குறைப்பதற்காக, சில நாள் முன்னதாகவே தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கருப்பைத் தமனிக்குள் அரை மில்லிமீட்டர் அளவுத் துகள்களை விட்டு அடைத்துவந்தார்கள். ஆபரேஷன் தேதிக்குக் காத்திருந்த பெண்களில் சிலர் ரத்தப்போக்கு நின்றுவிட்டது, ஆபரேஷனே வேண்டாம் என்றார்கள். தீனி கிடைக்காத கட்டி சுருங்கிவிட்டது; கருப்பைக்கோ பக்கத்து வழிகளில் ரத்தம் வந்துவிடுகிறது. 1995-ல் இதை எழுதினார்கள். சில மாதங்களில் கட்டி ஏறத்தாழப் பாதியாகும். முதல் நாள் வலி கடுமையாக இருக்கும். இனிமேல் குழந்தை வேண்டும் என்பவர்களுக்குப் பொதுவாக இதைப் பரிந்துரைப்பதில்லை.

நம் ஆசிரியைக்கு இவை சொல்லப்பட்டன. சாதனம் போட அவருடைய கருப்பை அறை கோணலாகியிருந்தது. துகள் அடைப்பு செய்யும் நிபுணர் இருந்த ஊர் தொலைவு. மாதவிலக்கு முற்றும்வரை காத்திருந்தால் கட்டி தானே சுருங்கும். ஆனால் அதற்கு இன்னும் ஐந்தாறு வருடம் ஆகலாம். இரண்டு நாள் யோசித்துவிட்டு எடுத்துவிடச் சொன்னார்.

அப்படி யோசிக்க வாய்ப்பே கிடைக்காதவர்கள் நாட்டில் ஏராளம். கருப்பை எடுக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்வியை 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில் முதல்முறையாகக் கேட்டார்கள். 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றில் மூன்று பேருக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் எட்டொன்பது பேருக்கு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள், மாதவிலக்கு நாட்களில் வேலை கெட்டுக் கூலி போகிறதே என்று இளம்வயதிலேயே எடுத்துக்கொண்டது 2019-ல் பெரிய செய்தியானது. வெள்ளைப்படுதலுக்கும் இடுப்புவலிக்கும்கூட, "பின்னால புத்துநோய் வரும்" என்று பயமுறுத்தி எடுத்தவர்கள் உண்டு. இது குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதலை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு உத்தரவு வந்தது.

துளை சிறிதானால் எப்போதும் நல்லதா?

சிறிய துளை குறைந்த வலி, ஆகவே எல்லா நோய்க்கும் அதுவே மேல் என்று எல்லோரும் நம்பிவந்தார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயிலும் அப்படித்தான். ஆரம்ப நிலையில் கருப்பையோடு சுற்றுத் திசுவையும் அகலமாக வெட்டியெடுக்கும் பெரிய அறுவையை, உலகம் முழுவதும் பல மருத்துவமனைகள் லேப்ராஸ்கோப்பிக்கோ ரோபாட்டுக்கோ மாற்றிவிட்டிருந்தன. முறையான ஒப்பீடு மட்டும் நடக்கவில்லை.

நடத்தியபோது முடிவு தலைகீழாக வந்தது. பல நாடுகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்த அந்த ஆய்வு 2018-ல் வெளியானது. நாலரை ஆண்டு கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள், வயிற்றைத் திறந்து செய்த குழுவில் 96.5 சதவீதம், நுண்துளைக் குழுவில் 86 சதவீதம். இறப்பும் நுண்துளைக் குழுவில்தான் அதிகம். வித்தியாசம் கண்ணில் பட்டதும் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். கருப்பையை அசைக்க உள்ளே செருகும் கம்பி புற்றைக் கசக்கிச் சிதறடிக்கிறதா, யோனியை வயிற்றுக்குள்ளிருந்து திறக்கும்போது செல்கள் கொட்டுகின்றனவா, வாயு அவற்றைப் பரப்புகிறதா என்று விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. விவாதம் முடியக் காத்திராமல், அந்த நோய்க்கு மட்டும் பெரும்பாலான இடங்களில் பழைய நீளக் கீறலுக்கே திரும்பிவிட்டார்கள்.

அதே கருப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோய்க்கு நுண்துளை முறையில் இப்படி எந்தப் பாதகமும் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. அதற்கு இன்றும் லேப்ராஸ்கோப்பிதான் முதல் தேர்வு. இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள தூரம் சில சென்டிமீட்டர்.